பாந்தெலிஸின் இங்கிலீஷ்

நான் கிரேக்கத்தின் கெஃபலோனியாத் தீவுக்காரன். பக்கத்துத் தீவுதான் என்றாலும், லெஃப்காடாவுக்கு மாற்றலாகி வந்தபோது பாலியோகாலி ஊர்க்காரர்கள் என்னை அந்நியனாகவே பார்த்தார்கள். போதாததற்குப் போலீஸ்காரன் வேறு. முதலில் முகம் கொடுத்துப் பேசியவர் பாந்தெலிஸ் வ்ரெத்தோஸ்தான். படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். நான் வந்து சேர்ந்த அன்றே ஒரு தட்டு நெத்திலி வறுவலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "சார்ஜன்ட், கெஃபலோனியாக்காரன் எல்லாம் பாதிப் பைத்தியம்னு சொல்வாங்க. இந்த ஊருக்கு அனுப்பினது எந்தப் பாதி?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. இளம் வயதில் கப்பலேறி மெல்போர்னுக்குப் போய், பதினோரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். 'ஆஸ்திரேலியன்' என்றால்தான் அவரைத் தெரியும். கடை வாசலில் நீல நிறப் பலகை ஒன்று தொங்கும். இங்கே இங்கிலீஷ் பேசுவோம் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அவர் மனைவி எவாந்தியா ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பலகைக்கும் சேர்த்து வர்ணம் தீட்டுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோடை வந்தால் இங்கிலாந்திலிருந்து விமானம் விமானமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் கரை முழுக்க எல்லாரும் இங்கிலீஷ் பேசினார்கள். ஆனால் அவரவர் பிழைப்புக்கு வேண்டிய இங்கிலீஷ்தான். படகுக்கார நிகிஃபோரோஸுக்கு 'நாளைக்கு', 'குகை', 'அலை இல்லை' என்ற மூன்றும் தெரியும். அலை படகுத்துறைக்கு மேலேறி அடிக்கும் நாளிலும் 'அலை இல்லை' என்பார். ரொட்டிக்கடைக்காரிக்கு 'சூடா இருக்கு' தெரியும். அதைத் தாண்டி ஏதாவது வந்தால் "ஆஸ்திரேலியனைக் கூப்பிடு" என்பதுதான் ஊர் வழக்கம். நானும் அதையேதான் செய்தேன். யாராவது சிவந்த முகத்தோடு நிலையத்துக்குள் வந்து மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தால், பாந்தெலிஸுக்கு ஆள் அனுப்புவேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வருவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "யெஸ், யெஸ்" என்பார். தோளில் தட்டி, "நோ ப்ராப்ளம்" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "பர்ஸைத் தொலைச்சுட்டானாம், பாவம்" என்பார். பெரும்பாலும் அது பர்ஸாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள். மதியச் சாப்பாடு முடிந்து ஊர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். பாந்தெலிஸின் கடையில் மட்டும் பந்தலுக்குக் கீழே நிகிஃபோரோஸும் இன்னும் மூன்று பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது மேல்தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இங்கிலீஷ் அம்மா இறங்கி வந்தார். பெயர் வினிஃப்ரெட். எழுபது வயதிருக்கும். முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு படியாக நின்று நின்று வந்தார். மற்ற கடைகள் எல்லாம் பூட்டியிருக்க, இந்தப் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே வந்திருக்கிறார். எங்கள் நிலையம் அங்கிருந்து ஒரு வளைவு தள்ளித்தான் இருந்தது. ஆனால் எங்கள் பலகை கிரேக்கத்தில் மட்டும் இருந்தது.

அந்த அம்மா பாந்தெலிஸிடம் பேசினார். குரல் உயரவில்லை. எங்கள் பெண்கள் என்றால் அந்நேரத்துக்கு 'மாதாவே' என்று தலையில் அடித்துக்கொண்டு ஊரை எழுப்பியிருப்பார்கள். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மரியாதையாகச் சொன்னார். கை மட்டும் நடுங்கியது.

அவர் சொன்னது இதுதான். கணவர் கிளிஃபர்ட் காலையில் மலைமேல் இருக்கும் எலியா தீர்க்கதரிசி கோயிலுக்கு நடந்து போனார். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியவர் இன்னும் வரவில்லை. அவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிடுவார். தயவுசெய்து போலீஸுக்கோ டாக்டருக்கோ சொல்லுங்கள்.

பாந்தெலிஸுக்கு அதில் மூன்று சொற்கள் புரிந்தன. புருஷன். நடை. சர்க்கரை.

அந்தப் பக்கம் சீட்டாட்டம் நின்றிருந்தது. நான்கு பேரும் விசிறி மாதிரி விரித்த சீட்டுகளைக் கையில் வைத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியன் இங்கிலீஷ் பேசுவதைப் பார்ப்பதென்றால் ஊருக்கு அவ்வளவு ஆசை.

"யெஸ், யெஸ்," என்றார் பாந்தெலிஸ். "நோ ப்ராப்ளம். ஃபைவ் மினிட்ஸ்." நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு காபியும், கிண்ணம் நிறையச் சர்க்கரைக் கட்டிகளும் கொண்டுவந்து வைத்தார்.

அந்த அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு பாந்தெலிஸை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கணவரைத் தேடிப் போகிறவர்கள் எடுத்துப்போகத்தான் சர்க்கரை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கட்டிகளை ஒரு கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ, தேங்க்யூ" என்றார்.

"என்னவாம் பாந்தெலி?" என்று நிகிஃபோரோஸ் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. புருஷன் நடக்கப் போயிருக்காராம். இங்க வந்து சேர்ந்துக்கறேன்னு சொல்லியிருப்பார் போல. இந்தம்மா காத்துட்டிருக்கு."

"அழுவற மாதிரி இருக்கே?"

"சண்டை போட்டிருப்பாங்க. உன் வீட்டுல நடக்காததா?"

சீட்டாட்டம் மறுபடி தொடங்கியது.

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது பாந்தெலிஸைப் பார்ப்பார். பாந்தெலிஸ் உள்ளங்கையைக் காட்டி, 'பொறு' என்பதுபோல் அசைத்து, "ஃபைவ் மினிட்ஸ்" என்பார். அவர் தலையாட்டிக்கொள்வார். இப்படியே சாயங்காலக் காற்று எழும்வரை போயிற்று. இரண்டாவது காபியும் ஆறியது.

மருந்துக்கடைக் கலிரோயி சாயங்காலக் கடை திறக்க அந்த வழியாக வந்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், ஆனால் அவர் குடியிருந்தது பக்கத்து ஊரில். தூக்கம் கலைகிற நேரத்தில்தான் வருவார். ஓர் அம்மா தனியாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்று, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா முதலில் கேட்டது, "அவங்க எப்ப வருவாங்க? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான்.

"யார் வருவாங்க?" என்றார் கலிரோயி.

எல்லாம் வெளியே வந்தது. கலிரோயி திரும்பிய வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"பாந்தெலி! யாருக்குப் போன் பண்ணினே?"

பாந்தெலிஸ் அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சர்க்கரை நோயாளி காலையிலேர்ந்து மலைமேல கிடக்கிறார். இந்தம்மா உன்கிட்ட வந்து சொல்லி எத்தனை நேரமாச்சு! யாருக்குச் சொன்னே?"

சீட்டாடுகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவாந்தியா கையில் பாத்திரத்தோடு பின்னால் வந்து நின்றார்.

"போலீஸுக்கு," என்றார் பாந்தெலிஸ். "சார்ஜன்ட் யெராசிமோஸ்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

அதை இங்கிலீஷில் அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, கலிரோயி நேரே என்னிடம் ஓடி வந்தார். நான் நிலையத்து வாசலில் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் போட்ட சத்தத்தில் குவளையே கை நழுவியது.

"வெட்கமா இல்ல உனக்கு? அங்க ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், நீ இங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கே?"

"எந்த மனுஷன்? என்னம்மா சொல்றீங்க?"

"பாந்தெலிஸ் உன்கிட்ட சொல்லலையா?"

அவர் தோளுக்குப் பின்னால், தெரு வளைவில், பாந்தெலிஸ் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய துணியோடு. என்னையே பார்த்தார். நான் இருபது வருஷ வேலையில் திருடனைப் பார்த்திருக்கிறேன், மனைவியை அடித்தவனைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

விசாரிக்க நேரமில்லை. ஜீப்பை எடுத்தேன், பாந்தெலிஸ் தானாக ஏறிக்கொண்டார். வண்டி ஏறுகிற தூரம் வரை போய், அங்கிருந்து நடந்தோம். பாந்தெலிஸ் எனக்கு முன்னால் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, பெரிய உடம்பு. முட்செடி கிழித்ததைக்கூடப் பார்க்காமல் ஓடினார். "மிஸ்டர்! மிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே போனார். அதற்குமேல் கூப்பிட அவரிடம் சொல் இல்லை. பெயரைக்கூட யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டோம். பழைய ஒலிவத் தோட்டத்துக் கல்வரப்பு ஒன்று சரிந்திருந்தது. அதன் கீழே கிளிஃபர்ட் கிடந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. நெற்றியில் இரத்தம் காய்ந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, நினைவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. நான் இரண்டு பேருமாகத் தூக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாந்தெலிஸ் அவரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டுவிட்டார். அந்தச் சரிவு முழுக்க ஒரு இடத்தில்கூட இறக்கவில்லை. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றபோது, "தொடாதே" என்றார்.

கீழே கலிரோயி சர்க்கரை ஏற்றும் ஊசியோடு காத்திருந்தார். ஆம்புலன்ஸும் வந்திருந்தது. ஊரே கூடிவிட்டது. வினிஃப்ரெட் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கணவரின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பாந்தெலிஸின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். முள் கிழித்த கை. சனம் கைதட்டியது.

"சிங்கம்டா நம்ம ஆஸ்திரேலியன்!" என்று நிகிஃபோரோஸ் கத்தினார்.

பாந்தெலிஸ் கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தார்.

கிளிஃபர்ட் சாகவில்லை. ஆனால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சில நாள் கண் திறக்காமல் கிடந்தார். திறந்த பிறகு மனைவியை யார் என்று கேட்டார். இடது கை எழவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாமல் நெடுநேரம் கிடந்துவிட்டார், கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் தானே நடந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று டாக்டர் கலிரோயியிடம் சொல்லியிருக்கிறார். கலிரோயி அதை என்னிடம் சொன்னார். சொன்ன விதத்திலேயே, குற்றவாளி நான்தான் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

அவர் மட்டும் அல்ல. இங்கிலீஷ் தூதரகத்திலிருந்து யாரோ எங்கள் மேலிடத்துக்குப் பேசியிருக்கிறார்கள். மதியமே போலீஸுக்குச் சொல்லியும் சாயங்காலம்வரை ஒருவரும் அசையவில்லை, ஏன் என்று விளக்கம் வேண்டுமாம். அதிகாரி போனில் என்னைக் கிழித்தார். "கெஃபலோனியாவுக்கே திருப்பி அனுப்பறேன், போய் ஆடு மேய்" என்றார். நான் பாந்தெலிஸின் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் தானே வந்து சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஊர் அவருக்கு ஒயின் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு காலையில் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உனக்கு மேலிடத்துலேர்ந்து போன் வந்துச்சாமே."

"வந்துச்சு. அண்ணே, நீங்க எனக்கு எப்ப சொன்னீங்க?"

"சொல்லலை."

"ஏன்?"

"அந்தம்மா என்ன சொல்லுதுன்னு எனக்குப் புரியலை."

"சரி, அன்னிக்குப் புரியலை. புரியலைன்னு சொல்லியிருக்கலாமே? அரை நிமிஷத்துல என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

இதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது. அந்த அம்மா நேரே என்னிடம் வந்திருந்தாலும், நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன்? இவரைத்தான்.

"அன்னிக்கு மட்டும் இல்ல, யெராசிமோ," என்றார். "எனக்கு என்னிக்குமே புரிஞ்சதில்ல. எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். கேலியில் அல்ல, நம்ப முடியாமல்.

"சிரி. எல்லாரும் சிரிக்கட்டும்." இப்போதுதான் உட்கார்ந்தார். "மெல்போர்ன், மெல்போர்ன்னு சொல்றீங்களே, நான் பாத்த மெல்போர்ன் ஒரு ரொட்டிக்கடையோட பின்கட்டு. முதலாளி நம்ம நாட்டுக் கலமாதாக்காரன். கூட மாவு பிசைஞ்சவன் நம்ம வடக்கத்தியான். படுத்தது நம்மாளு வீட்டுல. ஞாயித்துக்கிழமை போனா கோயில்லயும் நம்ம சாமியார்தான். இங்கிலீஷ் பேச ஆள் எங்க இருந்தான்? ஒரு தடவை டிராம்ல கண்டக்டர் என்னமோ கேட்டான். யெஸ், யெஸ்னேன். டிராமே சிரிச்சுது. பொம்பளைங்க, பள்ளிக்கூடத்துப் பசங்க, எல்லாம். அவன் என்ன கேட்டான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம் டிராம்ல ஏறவே இல்ல. பதினோரு வருஷமும் நடந்தேதான் போனேன்."

"திரும்பி வந்து சொல்லியிருக்கலாம்."

"வந்த அன்னிக்கே துறையில ஒரு பாய்மரப் படகுக்காரன் என்னமோ கேட்டான். 'யெஸ், நோ ப்ராப்ளம்'னேன். அவன் சிரிச்சிட்டுப் போயிட்டான். ஊரே வாயைப் பொளந்துட்டு நின்னுச்சு. எங்கம்மாவுக்கு முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். நான் அங்கேர்ந்து காசு கொண்டு வரலை, வீடு கட்டலை. இது ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்." முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "பர்ஸ் தொலைஞ்சவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு? காலிப் பையைத் தட்டிக் காட்டுவான். இந்தம்மா கையில எதையும் காட்டலை. ஆனா கை நடுங்குச்சு. அதை நான் பாத்தேன், யெராசிமோ. பாத்துட்டுத்தான் ஃபைவ் மினிட்ஸ்னு சொன்னேன். அவனுங்க நாலு பேரும் என்னையே பாத்துட்டிருந்தானுங்க."

அவர் சொன்னபடியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டார். அது என்னைக் காப்பாற்றியது. அவருக்கு அது போதவில்லை.

"அந்தம்மாகிட்ட சொல்லணும். அது என் கையில முத்தம் கொடுத்துச்சு."

கலிரோயியிடம் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோ" என்றார். பாந்தெலிஸைப் பார்க்கவில்லை.

"நீங்க வந்து அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும்," என்றார் பாந்தெலிஸ்.

"நான் ஏற்கெனவே உன் பொய்யை எடுத்துச் சொன்னவ. போலீஸுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்காங்கன்னு என் வாயாலேயே சொல்ல வெச்சுட்டே. இனி உனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேணும்னா வார்த்தை தர்றேன். நீயே சொல்லு."

பட்டணத்துக்குப் போகும் வழியெல்லாம் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றே வாக்கியம்: 'எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி நடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.' ஒவ்வொரு தடவையும் ஏதாவதொன்று உதிர்ந்துவிடும். முன்சீட்டில் இருந்த கலிரோயி திரும்பாமலே திருத்துவார். மலை வளைவுகளில் எனக்கு அந்த மூன்று வாக்கியமும் மனப்பாடமாகிவிட்டது. அவருக்கு ஆகவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வினிஃப்ரெட் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மெலிந்திருந்தார். பாந்தெலிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் நீட்டினார். பாந்தெலிஸ் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்று, தரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே தடுக்கியது. மறுபடி ஆரம்பித்தார். மூன்றையும் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தார்.

அந்த அம்மாவின் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. பிறகு இறங்கின. கலிரோயியைப் பார்த்தார். கலிரோயி தலையசைத்தார். ஆமாம், உங்கள் காதில் விழுந்தது சரிதான் என்று.

அந்த அம்மா ஒரே ஒரு சொல் கேட்டார். ஏன்?

அந்தச் சொல் பாந்தெலிஸுக்குத் தெரிந்திருந்தது. பதில்தான் இங்கிலீஷில் இல்லை. எங்கள் மொழியிலேயே சொன்னார்.

"வெட்கமா இருந்துச்சும்மா."

கலிரோயி அதுவரை சொல்ல மாட்டேன் என்றிருந்தவர், அந்த ஒன்றை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா பாந்தெலிஸைப் பார்த்தார். திட்டவில்லை. அழவில்லை. கலிரோயியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

"என்ன சொல்லிச்சு?" என்று பாந்தெலிஸ் கேட்டார்.

"இங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க, பயப்படாம போங்கன்னு டிக்கெட் குடுத்தவங்க சொன்னாங்களாம்." கலிரோயி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பேசறோம்தான். பீர், பில், படகுன்னு. அதுக்கு மேல நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு அந்தம்மாவுக்கு யார் சொல்றது?"

திரும்பி வரும்போது ஊர் எல்லையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றார் பாந்தெலிஸ். நான் விடவில்லை. கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பந்தலுக்குக் கீழே அதே நான்கு பேர். "வாய்யா சிங்கம்!" என்று நிகிஃபோரோஸ் எழுந்தார். பாந்தெலிஸ் நேரே மேஜைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. டிராமைப் பற்றிச் சொல்லவில்லை. எவாந்தியா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"போடா! உனக்கா இங்கிலீஷ் தெரியாது?" என்று ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நிகிஃபோரோஸ் மெதுவாக உட்கார்ந்தார். "அது அழுதது எனக்குத் தெரிஞ்சுச்சே," என்றார். "உன்கிட்ட கேட்டேன். நீ சண்டைன்னு சொன்னே. சரின்னு சீட்டைப் போட்டேன். அழுகைக்கு என்னய்யா பாஷை? எந்திரிச்சுப் போய்ப் பக்கத்துல நின்னுருக்கலாம். நாலு ஆம்பளைங்க இருந்தோம்."

எவாந்தியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த நீலப் பலகையைக் கழற்றினார். ஆணி துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் பிடுங்க வேண்டியிருந்தது. கணவரைத் தாண்டிப் போகும்போது, "முப்பது வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே, பாந்தெலி," என்றார். "ஊர்ல என் புருஷன் மாதிரி படிச்சவன் இல்லன்னு கோயில்ல, கிணத்தடியில எல்லாம் பீத்திக்கிட்டேனே. இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?" பலகையை அடுப்படிக்குள் கொண்டுபோனார். விறகோடு அது போயிருக்கும்.

அடுத்த வாரம் கிளிஃபர்ட்டை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் விமான நிலையம்வரை போகும்படி எனக்கு உத்தரவு. கிளம்பும்போது பாந்தெலிஸ் ஜீப் அருகே நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கேட்கவில்லை, ஏறிக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

விமான நிலையத்தில் அவர் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். கிளிஃபர்ட்டைச் சக்கரப் படுக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய நல்ல கை மனைவியின் கையைப் பிடித்திருந்தது. பாதி தூரத்தில் அந்த அம்மா திரும்பினார். வேலியைப் பார்த்தார். பாந்தெலிஸைப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு நிச்சயம். கையசைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படுக்கையோடு சேர்ந்து நடந்தார்.

பாந்தெலிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி வெயிலில் காய்ந்து கிடந்தது. சுட்டிருக்கும். விமானத்தின் கதவு மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் போய் விரல்களைப் பிரித்து அவரை வண்டிக்குக் கூட்டி வந்தேன்.